ஒச்சம்மா குடுத்த வாளி

வாளி இடிக்குதா தம்பி? இருங்க, மடியில வச்சுக்கிறேன். கீழ வச்சா பிரேக் போடுறப்பல்லாம் உருண்டுக்கிட்டு முன்னாடி போயிருது. மேலூர்ல கண்டக்டர் எடுத்துக் குடுத்துட்டு, "என்ன பெரியவரே, பேரப்புள்ளைக்கு விளையாட வாளியா?"ன்னு ஒரு நக்கல் வேற. எனக்கு ஐம்பத்தேழுதான் ஆகுது. பெரியவராம்.

சின்ன வாளிதான். ஒரு ஆளு குளிக்கப் பத்தாது, முகம் கழுவலாம். ஒச்சம்மா குடுத்தது. அந்தா, லேடீஸ் சீட்டுல ரெண்டாவது வரிசை, ரோஸ் சீலை, மடியில கட்டைப்பை. ஆங், அவதான். என்கிட்ட இருபத்திரண்டு வருசம் சித்தாளா இருந்தவ. நான் கொத்தனாரு. பேரு சன்னாசி. பூச்சு வேலை. கல்லு வச்சுக் கட்டுறதை எவன் வேணாலும் கட்டிருவான் தம்பி, பூசுறதுக்குத்தான் கை வேணும். உசிலம்பட்டிப் பக்கம் வந்து சன்னாசி பூசுன சுவரு எதுன்னு கேளுங்க. கேக்கக்கூட வேணாம், தடவிப் பாத்தாலே தெரியும்.

கை மட்டும் இருந்தாப் பத்தாது, ராசியும் வேணும். எனக்கு அது அமைஞ்சுபோச்சு. மத்த கொத்தனாருக எல்லாம் சுவத்துக்கு முன்னாடி நின்னு, இது காஞ்சு கெடக்கு, அது தூசி படிஞ்சு கெடக்குன்னு பொலம்புவாய்ங்க. எனக்கு அப்படி ஒரு சுவரு அமைஞ்சதே கெடையாது. ஒன்பது மணிக்கு டீயைக் குடிச்சிட்டு நான் சைட்டுக்குள்ள போறப்ப, சுவரு குளிச்சிட்டு நிக்கிற மாதிரி குளுகுளுன்னு நிக்கும். கலவை பதமா இருக்கும். நான் கரண்டியை எடுக்க வேண்டியதுதான். கையைப் பின்னாடி நீட்டுனா சாந்துச் சட்டி வரும். திரும்பிப் பாக்குற பழக்கமே எனக்குக் கெடையாது. இருபத்திரண்டு வருசத்துல ஒச்சம்மா மூஞ்சியைப் பாத்ததைவிட அவ கொண்டாந்த சட்டியைப் பாத்ததுதான் ஜாஸ்தி.

அந்த இருபத்திரண்டு வருசத்துல ஒரே ஒரு தடவை பூச்சு விழுந்திருக்கு. மறைக்க மாட்டேன். தேனிப் பக்கம் ஒரு வாத்தியார் வீடு. ஒச்சம்மா அவ மக சடங்குக்கு ஒரு வாரம் வரல. திங்கக்கிழமை பூசுன சுவரு வியாழக்கிழமை பாளம் பாளமா வந்துருச்சு. அந்த வாத்தியாரு கண்ணு அப்படி. நாற்காலியைப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒரு மனுசன் அப்படிப் பாத்தா எந்தச் சுவரு நிக்கும்?

சரி, விசயத்துக்கு வர்றேன். துவரங்குறிச்சி வந்துருச்சா? இன்னும் இல்லையா. அப்ப நேரம் கெடக்கு.

இந்த வருசம் பொங்கல் முடிஞ்சதும் எங்க இன்ஜினியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாரு. இனிமே பெரிய கட்டடத்துக்குள்ள ஆளை விடணும்னா பயிற்சி முடிச்ச சர்ட்டிபிகேட்டு வேணுமாம். விராலிமலைப் பக்கம் ஒரு பயிற்சி நிலையம். முப்பது நாளு அங்கேயே தங்கிப் படிக்கணும், கடைசியில பரீட்சை. "சார், என் கரண்டிக்கு மார்க்குப் போட ஒருத்தன் இனிமேத்தான் பொறக்கணும்"னேன். அவரு சிரிச்சுக்கிட்டே பாரத்தை நீட்டிட்டாரு. என்ன பண்றது, கையெழுத்துப் போட்டேன். பக்கத்துல பாத்தா ஒச்சம்மாவும் ஒரு பாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா.

"நீ எதுக்குத்தா?"ன்னேன்.

"நானும் பூச்சு வேலைக்குப் போகலாம்னு இருக்கேண்ணே. சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டு வந்தா மதுரை சைட்டுல கொத்தனாரா எடுத்துக்கிறேன்னு சாரு சொல்லியிருக்காரு. முட்டி தேஞ்சுபோச்சுண்ணே. இன்னும் எத்தனை நாளைக்குச் சட்டி தூக்குறது?"

நான் சிரிச்சிட்டேன். தப்பா நினைக்காதீங்க, சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். எங்க பக்கம் பொம்பளைக கடைசி வரைக்கும் சித்தாளுதான். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல, ஆளுக்கு ஒரு வேலை. இருந்தாலும் நான் யாரையும் தடுக்குற ஆளு கெடையாது. "சரி, வா, என் டூல்ஸ் பையைத் தூக்கவும் ஒரு ஆளு வேணும்"னேன். அவதான் தூக்கிட்டு வந்தா.

அங்க போனா, தம்பி, மஞ்சள் தொப்பி, நீலச் சட்டை, ஆளுக்கு ஒரு நம்பரு. எனக்கு ஏழு, அவளுக்கு எட்டு. ஒரே பெஞ்சு! நானும் என் சித்தாளும் ஒரே பெஞ்சுல! ரெண்டு நாளைக்கு நான் ஓரமாவே உக்காந்திருந்தேன், பாதி உடம்பு வெளியிலதான் இருந்துச்சு. சொல்லிக்குடுக்க ரெக்ஸ்லின் மேடம்னு ஒரு பொண்ணு, நாகர்கோவிலு, என் மக வயசு இருக்கும். நல்ல புள்ளை. ஆனா முதல் நாளே ஒண்ணு சொல்லுச்சு பாருங்க.

"இங்க கொத்தனாரும் கெடையாது, சித்தாளும் கெடையாது. எல்லாரும் பயிற்சிக்கு வந்தவங்க. அவங்கவங்க கலவையை அவங்கவங்கதான் கலக்கணும். அவங்கவங்க சட்டியை அவங்கவங்கதான் தூக்கணும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. அதுக்காக மேடத்தோட சண்டை போட முடியுமா? அது அந்தப் பக்கம் போனதும் ஒச்சம்மாவைப் பாத்து லேசா தலையை அசைப்பேன். அவ என் கலவையையும் சேத்துப் போட்டு வச்சிருவா. பதிலுக்கு நான் அவளுக்குப் பூச்சு சொல்லிக்குடுத்தேன். சொல்லிக்குடுத்தேன்னா, நான் ஆரம்பிக்கிறதுக்குள்ளயே அவ பூசிருவா. மட்டக்கோலை இழுக்குறதென்ன, மூலையை எடுக்குறதென்ன, கட்டை போட்டுத் தேய்க்குறதென்ன! மேடமே ரெண்டு தடவை நின்னு பாத்துச்சு. என் முதுகுக்குப் பின்னாடி இருபத்திரண்டு வருசம் நின்னவளாச்சே, வராம என்ன செய்யும்? அந்தப் பெருமை எனக்குத்தானே தம்பி?

ஆனா பாடம்னு வந்தா நான்தான் ராஜா. ஒருநாள் மேடம் கேட்டுச்சு, பூசுறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்யணும்னு. நான் எந்திரிச்சேன். "மேடம், முதல்ல சுவத்துக்குத் தண்ணி காட்டணும். தாகத்தோட இருக்குற சுவத்துல பூசுனா, அது சாந்துல இருக்குற தண்ணியையெல்லாம் குடிச்சிட்டுச் சாந்தை வெளிய தள்ளிரும். செங்கல்லு வயிறு நெறைஞ்சாத்தான் பூச்சைப் பிடிச்சுக்கும்"னேன். எல்லாரும் கை தட்டுனாங்க. மேடம் அதை அப்படியே போர்டுல எழுதிப் போட்டுச்சு. முப்பது நாளும் அழிக்கவே இல்ல. ஒச்சம்மா கை தட்டல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. பொறாமைன்னு நினைச்சுக்கிட்டேன்.

பரீட்சைக்கு வெளியூர்லருந்து ஒரு ஆபீசர் வந்தாரு. கண்ணாடி, கையில ஒரு அட்டை, ஒரு மரச் சுத்தி. வெட்டவெளியில வரிசையா செங்கல் சுவரு, ஒரு ஆளு உயரம், ஆளுக்கு ஒண்ணு. பங்குனி வெயிலு. ஆளுக்கு ஒரு வாளித் தண்ணி, சிமெண்ட்டு, மணலு, ஒரு சட்டி. ஆபீசர் நல்லா விளக்கமாச் சொன்னாரு. இன்னிக்குப் பூசணும், நாளைக்குக் காலையில வந்து சுத்தியால தட்டிப் பாப்பாரு, பூச்சு ஒட்டாம உள்ள பொள்ளச் சத்தம் கேட்டா மார்க்கு இல்ல. ஒருத்தர் சுவத்துல இன்னொருத்தர் கை வைக்கக்கூடாது. உதவி செஞ்சா செஞ்சவங்களும் பெயிலு, வாங்குனவங்களும் பெயிலு.

நம்பர் வரிசைன்றதால எனக்கு அடுத்த சுவரு ஒச்சம்மாவுக்கு. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். பயந்தாள்னா நான் பக்கத்துல இருக்கேன்ல.

கலவை போட்டேன் தம்பி. அதுல என்ன இருக்கு? ஆனா அன்னிக்கு அந்த மணலு சரியில்ல. தண்ணி ஊத்துனா குழகுழன்னு ஓடுச்சு. சரின்னு மணலைப் போட்டா இறுகிப்போச்சு. மறுபடி தண்ணி, மறுபடி சிமெண்ட்டு. கடைசியில பாத்தா ரெண்டு சுவத்துக்கு ஆகுற சாந்து என் முன்னாடி குமிஞ்சு கெடக்கு. வாளியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பரவாயில்ல, சாந்து ரெடி. சுவத்துக்கு முன்னாடி போயி நின்னேன், கரண்டியை எடுத்தேன், கையைப் பின்னாடி நீட்டுனேன்.

ஒண்ணும் வரல.

கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன் போல. ஆபீசரே வந்து, "என்ன பெரியவரே, கை வலிக்குதா?"ன்னு கேட்டுட்டாரு. ஆமா சார், நரம்பு பிடிச்சிருச்சுன்னு ரெண்டு உதறு உதறிட்டு, நானே குனிஞ்சு சாந்தை அள்ளுனேன். அள்ளி, கரண்டியை ஓங்குனேன் பாருங்க. அந்த நேரத்துல பக்கத்துலருந்து சளார்னு ஒரு வீச்சுத் தண்ணி! என் சுவத்து மேல! என் சட்டையெல்லாம் ஈரம்!

திரும்பிப் பாத்தா ஒச்சம்மா. கையில டப்பாவோட நிக்கிறா. அவ மூஞ்சி செத்துப்போச்சு. என்ன செஞ்சோம்னு அவளுக்கே அப்பத்தான் தெரிஞ்சிருக்கும் போல.

எனக்கு வந்துச்சே கோவம். அத்தனை பேரு முன்னாடி, ஒரு சித்தாளு, என் சுவத்துல, என்னையக் கேக்காம தண்ணி ஊத்துறதா? "யாரு என் சுவத்துல கை வச்சது?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். வரிசையில இருந்த மத்த பதினாறு பேரும் வேலையை நிறுத்திட்டுப் பாத்தாய்ங்க. ஆபீசர் வந்தாரு, பாத்தாரு, அட்டையில என்னமோ குறிச்சாரு, காலையில பேசிக்கலாம்னு போயிட்டாரு. நானும் பூசி முடிச்சேன். கண்ணாடி மாதிரி பூசுனேன். அதுல குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலையில சுத்தியோட வந்தாரு. முதல்ல ஒச்சம்மா சுவரு. தட்டுறாரு, தட்டுறாரு, மேலயிருந்து கீழ வரைக்கும் கல்லு மாதிரி ஒரே சத்தம். காதை வச்சுக்கூடக் கேட்டாரு. "இதுக்கு முன்னாடி எத்தனை வருசம்மா பூச்சு வேலை பாத்தீங்க?"ன்னாரு. "ஒரு மாசமா சார்"னா அவ. அப்புறம் என் சுவத்துக்கு வந்தாரு. ஒரே ஒரு தட்டு. வலது பக்கம் பாதிப் பூச்சு அப்படியே சரிஞ்சு அவரு ஷூ மேல விழுந்துச்சு.

ஆனா இடது பக்கம் நிக்குது தம்பி. எப்படி நிக்குதுங்குறீங்க? விசிறியை விரிச்ச மாதிரி ஒரு வடிவத்துல நிக்குது. அவ வீசுன தண்ணி எது வரைக்கும் போச்சோ அது வரைக்கும் நிக்குது. தண்ணி படாத இடமெல்லாம் கீழ கெடக்கு. அதைப் பாத்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. ஊத்துறவ முழுசா ஊத்த வேணாமா? அரைகுறையா ஊத்திவிட்டா சுவரு எப்படி நிக்கும்? இருபத்திரண்டு வருசம் கூட இருந்தவ செய்யிற வேலையா இது? நீங்களே சொல்லுங்க.

ஆபீசர் ஒச்சம்மாவைத்தான் முதல்ல கேட்டாரு, ஏன்மா ஊத்துனீங்கன்னு. "கை தானாப் போயிருச்சு சார். காஞ்ச சுவத்தைப் பாத்தா இந்தக் கை சும்மா இருக்காது சார்"னு சொல்லிட்டு அழுதா. அவரு என் பக்கம் திரும்புனாரு. "பெரியவரே, நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் எழுதணும். தெரியாம தெறிச்சதா, இல்ல வேணும்னு ஊத்துனாங்களா?"

அவருக்குப் பின்னாடி ரெக்ஸ்லின் மேடம் என்னையப் பாத்துக் கண்ணைக் காட்டுது. தெரியாமன்னு சொல்லுங்க, தெரியாமன்னு சொல்லுங்கன்னு வாயை மட்டும் அசைக்குது. எனக்குப் புரியாம இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க தம்பி, தெரியாம தெறிச்சுச்சுன்னா அர்த்தம் என்ன? சன்னாசி சுவத்துல பாதி நின்னதே எவளோ சிந்துன தண்ணியாலன்னு ஆயிரும்ல? முப்பத்தஞ்சு வருசத்துப் பேரு என்ன ஆகுறது? "எனக்கு எதுக்கு சார் உதவி? வேணும்னுதான் ஊத்துனா. என் பூச்சைக் கெடுக்கணும்னே ஊத்துனா"ன்னேன்.

ஆபீசர் அவ பேருக்கு நேரா ஒரு கோடு போட்டாரு. என் பேருக்கு நேரா இன்னொண்ணு. ரெண்டு பேரும் மூணு மாசம் கழிச்சுத் திரும்ப வாங்கன்னுட்டாரு. அன்னிக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கல. அந்த சென்டர்ல சோத்தைக் கொஞ்சம் வெறைச்சாப்புலதான் வடிப்பாய்ங்க.

வரும்போது என் பையை நான்தான் தூக்கிட்டு வந்தேன். அவ வேற பஸ்ஸுல போயிட்டா.

மதுரை சைட்டுல அவளுக்குன்னு வச்சிருந்த இடத்தை இன்ஜினியர் வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. அவரும் எத்தனை நாளு காலியா வச்சிருப்பாரு? அவ மறுபடி சட்டி தூக்கத்தான் போனா, செக்கானூரணியில எவன்கிட்டயோ. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு தம்பி, அதுல பொய் இல்ல. ரெண்டு தடவை அவ வீட்டு வழியாப் போயிருக்கேன். வாசல்ல நின்னா. பாத்தா. உள்ள போயிட்டா.

எனக்கும் இந்த மூணு மாசம் நேரம் சரியில்ல. என்னமோ ராசியே போயிருச்சு. எந்த சைட்டுக்குப் போனாலும் சுவரு காஞ்சு கெடக்கு. கலவை ஒண்ணு தண்ணியா இருக்கு, இல்ல கட்டியா இருக்கு. நாலு சித்தாளு மாத்திட்டேன். இந்தக் காலத்துல ஆளுக எல்லாம் சொன்னாத்தான் செய்வாங்க. சுவத்தை நனைன்னு வாயைத் திறந்து சொல்லணுமாம்! போன மாசம் ஒரு வீட்டுல பூச்சு விழுந்துச்சு. அதுக்கப்புறம் இன்ஜினியர் போனையே எடுக்குறதில்ல. நாளைக்கு இந்தப் பரீட்சையில தேறலைன்னா, தம்பி, உண்மையைச் சொல்றேன், எனக்குக் கரண்டியைப் பிடிக்க இடமே இல்ல.

அதான் மேடத்துக்குப் போன் போட்டு, இந்தத் தடவையும் ஒச்சம்மாவுக்குப் பக்கத்துச் சுவரே குடுங்கன்னு கேட்டேன். அவளுக்கு ஒரு தைரியமா இருக்கும்ல. "அண்ணாச்சி, அது வேண்டாம்"னு சொல்லிருச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒச்சம்மா எனக்கு முன்னாடியே பேசி, வரிசையில அந்தக் கோடிச் சுவரைக் கேட்டு வாங்கிட்டாளாம். எனக்கு இந்தக் கோடி. நடுவுல பதினாறு பேரு.

இன்னிக்குக் காலையில மாட்டுத்தாவணியில பஸ் ஏற நிக்கிறேன். அவளும் வந்தா. மூணு மாசமாப் பேசாதவ நேரா என்கிட்ட வந்தா. கட்டைப்பையிலருந்து இந்த வாளியை எடுத்து என் கையில குடுத்தா. "நாளைக்கு நான் அந்தக் கோடியில இருப்பேண்ணே. இது உங்க கையிலயே இருக்கட்டும்"னா. அவ்வளவுதான். போயி லேடீஸ் சீட்டுல உக்காந்துட்டா.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. அத்தனையும் நடந்த பிறகும் பாருங்க, அந்த ஹாஸ்டல் பாத்ரூமுல அண்ணன் வாளி இல்லாம கஷ்டப்பட்டாரேன்னு ஞாபகம் வச்சு வாங்கியிருக்கா. இருபத்திரண்டு வருசப் பாசம் விட்டுப் போயிருமா?

என்ன சிரிக்கிறீங்க? என்னது? குளிக்க இல்லையா? சத்தமாச் சொல்லுங்க, இஞ்சின் இரைச்சல்ல கேக்க மாட்டேங்குது.

சுவத்தை நனைக்கவா?

அடடா! ஆமால்ல! எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அப்ப இது அவளுக்குல்ல வேணும்! பாவம், பதட்டத்துல தன்னோட வாளியை என் கையில குடுத்துட்டா. நாளைக்குப் பரீட்சையில அவ என்ன செய்வா? நல்லவேளை சொன்னீங்க. என்னால ஒரு தடவை கெட்டது போதும், மறுபடி அந்தப் பாவம் எனக்கு வேணாம்.

விராலிமலை வந்துருச்சு. கொஞ்சம் வழி விடுங்க தம்பி. அந்தா இறங்கிட்டா. ஒச்சம்மா! ஏ ஒச்சம்மா! நில்லுத்தா, உன் வாளியை என்கிட்டயே விட்டுட்டுப் போற பாரு! இந்தா, பிடி!

காது கேக்கலையா, கேக்காத மாதிரி போறாளா? திரும்பியே பாக்க மாட்டேங்குறா. இருங்க, ஓடிப் பிடிச்சுக் குடுத்துர்றேன். தம்பி, மேல என் டூல்ஸ் பை இருக்கு, அதை எடுத்து இப்படிக் குடுங்க. சீக்கிரம். கையை நீட்டிக்கிட்டுத்தானே நிக்கிறேன்.